நுரையீரலின் இரத்தக் குழாய்களும் கடும் வைரஸ் நோய்களும்

1918-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இன்புளுயன்ஸா என்னும் விஷக்காய்ச்சல் உலகெங்கும் பரவியபோது, மருத்துவர்கள் ஓர் அடையாளத்தைக் கண்டு அஞ்சினர். நோயாளியின் உதடுகளும் காதுகளும் முதலில் நீலம் பாய்ந்தன. பின்னர் அந்நிறம் முகம் முழுவதும் படர்ந்தது. அவ்வாறு நிறம் மாறியோரிற் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் அக்கொள்ளை நோய்க்கு இரையாயினர்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் நோய் பரவியபோது, மருத்துவர்கள் மற்றொரு விந்தையைக் கண்டனர். விரல் நுனியில் பொருத்தும் சிறு கருவி, இரத்தத்தில் பிராணவாயு மிகவும் குறைந்துவிட்டதெனக் காட்டியது. நோயாளியோ கட்டிலில் அமர்ந்து இயல்பாகப் பேசிக்கொண்டிருந்தார். அவ்வாறு பேசிக்கொண்டிருந்தவர்களிற் சிலர் சில மணி நேரத்துக்குள் அபாய நிலையை அடைந்தனர்.

மூச்சுக் குழாய் அடைபடவில்லை. மார்புத் தசைகள் ஓயவில்லை. காற்று உள்ளே சென்றுகொண்டுதான் இருந்தது. அவ்வாறாயின் பிராணவாயு இரத்தத்தை அடையாதது ஏன்? இவ்வினாவுக்கு விடை காற்றுக் குழாய்களை மட்டும் நோக்கினால் கிடைப்பதன்று. நுரையீரலெங்கும் பின்னிக் கிடக்கும் மிக நுண்ணிய இரத்தக் குழாய்களையும் நாம் ஆராய வேண்டும். கடும் வைரஸ் நோய் அக்குழாய்களை எவ்வாறு பாதிக்கிறது என்பதை இங்குக் காண்போம்.

காற்றும் இரத்தமும் அணுகும் இடம்

மூச்சுக் குழாய் மார்பினுள் இரு கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகள் மேலும் மேலும் பிரிந்து, இறுதியில் நுண்ணிய காற்றறைகளில் முடிகின்றன. வளர்ந்த மனிதரின் நுரையீரல்களில் இவ்வறைகள் 30 கோடி முதல் 50 கோடி வரை உள்ளன. அவற்றின் சுவர்களையெல்லாம் பிரித்து விரித்தால், அப்பரப்பு 70 சதுர மீட்டருக்குக் குறையாது.

ஒவ்வொரு காற்றறையையும் சுற்றித் தந்துகிகள் எனப்படும் நுண்குழாய்கள் வலைபோலப் படர்ந்துள்ளன. இரத்தம் உடலெங்கும் சுற்றிவருகிறது என்பதை 1628-இல் வெளியிட்ட வில்லியம் ஹார்வி, தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் இந்நுண்குழாய்களைக் கண்டாரில்லை. அவர் மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1661-இல், இத்தாலிய அறிஞர் மார்செல்லோ மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, தந்துகிகளை முதன்முதலாகக் கண்டறிந்தார்.

தந்துகியின் அகலம் ஒரு சிவப்பணு செல்வதற்கு மட்டுமே போதுமானது. ஆகவே சிவப்பணுக்கள் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஓய்வாக இருக்கும்போது ஒரு சிவப்பணு நுரையீரல் தந்துகியைக் கடக்க ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகிறது. அது வேண்டிய பிராணவாயுவைப் பெறுவதற்கோ கால் விநாடி போதும். எஞ்சிய அரை விநாடி, உடல் உழைப்பின்போதும் நோயின்போதும் பயன்படும் சேமிப்பாகும்.

இத்துணை விரைவாகப் பரிமாற்றம் நடைபெறுவதற்குக் காரணம், காற்றுக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள சுவரின் மென்மையே. பெரும்பாலான இடங்களில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குதான். தலைமயிரின் தடிப்பில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. காற்றறையின் பக்கம் ஒரு படலம், இரத்தத்தின் பக்கம் ஒரு படலம், இரண்டுக்கும் இடையே மெல்லிய ஒரு தளம்; சுவர் முழுவதும் இவ்வளவே. நிமிஷத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இச்சுவரை ஒட்டி ஓடுகிறது. வாழ்நாள் முழுவதும் இச்சுவர் கசியாமல் நிற்பது வியப்புக்குரியது.

உட்படலத்தின் பணிகள்

இரத்தக் குழாய்களின் உட்புறத்தை மூடியிருக்கும் படலத்தை மருத்துவ நூல்கள் எண்டோதீலியம் என வழங்கும். இக்கட்டுரையில் அதனை ‘உட்படலம்’ என்றே குறிப்பிடுவோம். ஒரே வரிசை உயிரணுக்களால் ஆன இப்படலம் வெறும் உறை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அது தவறு என இன்று நாம் அறிவோம். அதன் பணிகளில் மூன்று நமக்கு இங்கு முக்கியமானவை.

முதலாவது, கசிவைத் தடுத்தல். அடுத்தடுத்த உயிரணுக்கள் புரதக் கொக்கிகளால் ஒன்றையொன்று பற்றியுள்ளன. நீரும் சிறு மூலக்கூறுகளும் ஓரளவு வெளியேறலாம். இரத்தத்திலுள்ள பெரும் புரதங்கள் எளிதில் வெளியேற இயலாது. உள்ளே தங்கிய அப்புரதங்கள் நீரைக் குழாயினுள் ஈர்த்து வைத்துக்கொள்கின்றன. இவ்வுண்மையை ஆங்கில உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1896-இல் விளக்கினார்.

இரண்டாவது, இரத்தம் உறையாமற் காத்தல். நலமாக உள்ள உட்படலம் இரத்தத் தட்டுகள் ஒட்டாதபடி செய்யும் பொருள்களைச் சுரக்கிறது. ஆயினும் காயம் நேர்ந்தால் உடனே இரத்தத்தை உறையவைக்கும் பொருளும் அதனிடமே சேமிப்பில் உள்ளது. அப்பொருள் அடைந்து கிடக்கும் நுண்பைகளை எவால்ட் வைபல், ஜார்ஜ் பலாடி ஆகிய இருவரும் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியின் உதவியால் கண்டனர்.

மூன்றாவது, இரத்தம் செல்லும் அளவை நெறிப்படுத்துதல். உட்படலம் வெளியிடும் இரசாயனப் பொருள்கள் குழாயைச் சுருக்கவும் விரிக்கவும் வல்லவை.

தடுத்தல், உறையாமற் காத்தல், நெறிப்படுத்தல் ஆகிய இம்மூன்றும் குலையும்போதுதான் நுரையீரல் நோய் உயிருக்கு ஆபத்தானதாக மாறுகிறது.

முதற் கேடு: கசிவு

சுவாச வழியில் நுழையும் வைரஸ் முதலில் தாக்குவது இரத்தக் குழாயை அன்று. காற்றுப் பாதையின் உயிரணுக்களையே. பெரும்பாலோருக்கு நோய் அத்துடன் நின்றுவிடுகிறது. தொண்டை வலி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றோடு சில நாள்களில் அவர்கள் குணமடைகின்றனர். சிலரிடம் மட்டும் வைரஸ் காற்றறைகள் வரை இறங்கி, அவற்றின் சுவரிலுள்ள உயிரணுக்களுள் புகுந்து பெருகுகிறது.

பாதிக்கப்பட்ட உயிரணுக்களும், அவற்றுக்கு உதவ வந்த வெள்ளணுக்களும் இரசாயனச் செய்திகளை வெளியிடுகின்றன. அச்செய்தி, சுவரின் மறுபுறத்திலுள்ள உட்படலத்தை எட்டுகிறது. வெள்ளணுக்கள் இரத்தத்திலிருந்து நோயுள்ள இடத்துக்குச் செல்ல வழி வேண்டுமல்லவா? அதற்காக உட்படல உயிரணுக்கள் தம் கொக்கிகளைச் சற்றே தளர்த்துகின்றன. இது நோயை எதிர்க்கும் முறைகளுள் ஒன்றே. அளவோடு நிகழ்ந்தால் நன்மை. அளவு மீறினால் அதுவே கேடு.

அளவு மீறும்போது, இரத்த நீர் புரதங்களோடு சேர்ந்து வெளியேறுகிறது. முதலில் அது சுவரின் இடைத்தளத்தில் தேங்குகிறது. பின் காற்றறைக்குள்ளும் புகுகிறது. கரையில் விழுந்த சிறு கசிவு நேரம் செல்லச் செல்லப் பெரிதாவதுபோல, வெளியேறிய புரதங்கள் நீரை மேலும் தம்பால் இழுக்கின்றன. காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழவழப்பான பொருளும் இதனால் கெடுகிறது. காற்று இருக்க வேண்டிய அறையில் நீர் நிற்கிறது. சில அறைகள் மூடிக்கொள்கின்றன.

கசிவு மட்டுமே உயிரைப் பறிக்க வல்லது என்பதற்கு 1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தோன்றிய நோய் தக்க சான்று. நியூ மெக்சிகோ, அரிசோனா, கொலராடோ, யூட்டா ஆகிய நான்கு மாநிலங்கள் சந்திக்கும் வறண்ட பகுதியில், நல்ல உடல் நலத்துடன் இருந்த இளைஞர்கள் காய்ச்சல் கண்ட சில நாள்களில் மூச்சுத் திணறி இறந்தனர். மான் எலி என்னும் காட்டெலியின் எச்சங்கள் வழியே பரவும் ஹான்டா இன வைரஸே காரணம் என்பது அவ்வாண்டிலேயே தெரியவந்தது.

இவ்வைரஸ் நுரையீரல் தந்துகிகளின் உட்படலத்தினுள்ளேயே குடியேறுகிறது. ஆனால் அவ்வுயிரணுக்களை அது கொல்வதில்லை. உயிரணுக்கள் உயிரோடிருக்க, அவற்றின் பிணைப்பு மட்டும் தளர்ந்து, இரத்த நீர் காற்றறைகளை நிரப்பிவிடுகிறது. மிகக் கடுமையான அக்கட்டத்தைக் கடந்தோர் பெரும்பாலும் விரைவில் தேறிவிடுகின்றனர். சுவர் இடிந்துவிடவில்லை, திறந்துகொண்டது மட்டுமே என்பதை இது காட்டுகிறது.

இரண்டாம் கேடு: உறைவு

குழாயினுள் இரத்தம் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: குழாய்ச் சுவரின் பழுது, இரத்த ஓட்டத்தின் தளர்ச்சி, இரத்தத்தின் இயல்பில் மாறுதல். ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ஹோவின் 1856-ஆம் ஆண்டு ஆராய்ச்சிகளையொட்டி, இம்மூன்றும் அவர் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகின்றன. கடும் வைரஸ் நோயில் மூன்றும் ஒருங்கே கூடுகின்றன.

உட்படலம் புண்படும்போது, நுண்பைகளில் அடைந்திருந்த உறைபொருள் வெளிப்படுகிறது. இரத்தத் தட்டுகள் அதன்மேல் ஒட்டுகின்றன. வெள்ளணுக்களுள் ஒருவகை, தன் உட்பொருளையே நூல்வலைபோல வெளியே வீசிக் கிருமிகளைப் பிடிக்கும் வழக்கமுடையது. இச்செயல் 2004-இல் கண்டறியப்பட்டது. அவ்வலையில் இரத்தத் தட்டுகளும் சிக்கி உறைவு வளர்கிறது. தந்துகியோ ஒரு சிவப்பணுவின் அகலமே உடையது. அதை அடைக்கப் பெரிய கட்டி வேண்டியதில்லை.

கோவிட் நோயால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும், 2009-இல் பரவிய இன்புளுயன்ஸாவால் இறந்த 7 பேரின் நுரையீரல்களையும், இவ்விரு நோய்களும் அற்ற 10 நுரையீரல்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2020-இல் வெளியாயிற்று. நோயுற்ற இருவகை நுரையீரல்களிலும் காற்றறைகள் சேதமுற்றிருந்தன. ஆனால் தந்துகிகளில் காணப்பட்ட நுண் உறைவுகள், இன்புளுயன்ஸாவைக் காட்டிலும் கோவிட் நோயில் 9 மடங்கு மிகுதியாயிருந்தன. அடைபட்ட குழாய்களுக்கு மாற்றாகப் புதுக் குழாய்கள் தோன்றியிருந்ததும் தெரிந்தது; அவையும் இன்புளுயன்ஸாவைவிட 2.7 மடங்கு மிகுதி. ஆராயப்பட்டோர் தொகை சிறிதே. எனினும் ஒரு வைரஸ் நோய்க்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாடு காற்றறைகளில் மட்டுமன்றி இரத்தக் குழாய்களிலும் அமையும் என்பதை அவ்வாராய்ச்சி புலப்படுத்தியது.

கோவிட் வைரஸ் உட்படலத்தினுள் நேரே புகுந்து அதைக் கெடுக்கிறதா, அல்லது அண்டை உயிரணுக்களில் எழும் அழற்சியே அதைக் கெடுக்கிறதா என்பதுபற்றி ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு நிலவியது. இரண்டில் எதுவாயினும் விளைவு ஒன்றே: இரத்தத்தை உறையாமற் காக்க வேண்டிய படலமே உறைவுக்கு வித்திடுகிறது.

மூன்றாம் கேடு: ஓட்டம் நெறி தவறல்

உடலின் மற்ற உறுப்புகளில் பிராணவாயு குறைந்தால் இரத்தக் குழாய்கள் விரிவடைகின்றன. நுரையீரலின் இயல்பு இதற்கு நேர்மாறானது. காற்று வராத பகுதிக்குச் செல்லும் குழாய் சுருங்கி, இரத்தத்தைக் காற்றுள்ள பகுதிக்குத் திருப்பிவிடுகிறது. ஸ்வீடன் நாட்டு அறிஞர்களான உல்ப் வான் ஆய்லரும் யோரான் லில்யெஸ்ட்ராண்டும் பூனைகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சியில் இதனை 1946-இல் நிறுவினர். பயிரில்லாத வயலுக்குப் போகும் வாய்க்காலை அடைத்து, பயிருள்ள வயலுக்கு நீரைத் திருப்பும் உழவரின் செயலை இது ஒத்தது.

வைரஸ் நோய் கடுமையாகும்போது இந்த ஏற்பாடு பல இடங்களில் தவறிவிடுகிறது. நீர் நிறைந்த காற்றறைகளை ஒட்டியும் இரத்தம் ஓடுகிறது. அது பிராணவாயு பெறாமலே இருதயத்துக்குத் திரும்புகிறது. மற்றோரிடத்தில் காற்றறை திறந்திருக்கிறது. அதன் தந்துகியோ உறைவால் அடைபட்டுள்ளது. அங்கு வரும் காற்று பயனின்றி வெளியேறுகிறது. ஒரு பக்கம் காற்றற்ற இரத்தம். மறுபக்கம் இரத்தமற்ற காற்று. குழாய்கள் பல அடைபடுவதால், எஞ்சியவற்றின் வழியே முழு இரத்தத்தையும் செலுத்த வேண்டிய இருதயத்தின் வலப்புறமும் சோர்வடைகிறது.

மூச்சுத் திணறாமலே பிராணவாயு குறையும் விந்தை ஓரளவு இதனாலேயே விளங்கும். மூச்சு விடும் உந்துதலை மூளை பெரிதும் கரியமில வாயுவின் அளவைக்கொண்டே தீர்மானிக்கிறது. நுரையீரலின் நலமான பகுதி சற்று விரைந்து உழைத்து, மிகுதியான கரியமில வாயுவை வெளியேற்றிவிடும். பிராணவாயு விஷயத்தில் அவ்வாறு ஈடுசெய்ய இயலாது. எடுத்துக்காட்டாக, இரத்தத்தில் பாதி நலமான பகுதி வழியே சென்று 98 விழுக்காடு நிறைவு பெறுகிறது என்க. மறுபாதி நீர் நிறைந்த பகுதி வழியே சென்று 74 விழுக்காட்டிலேயே நின்றுவிடுகிறது. இரண்டும் கலந்தால் 86 விழுக்காடுதான். நலமான பகுதி எவ்வளவு உழைத்தாலும் 100-க்கு மேல் ஏற்ற முடியாதன்றோ? ஆகவே கரியமில வாயு தேங்காமலும், மூச்சுத் திணறல் தோன்றாமலும், பிராணவாயு மட்டும் குறைந்துகொண்டே செல்லக்கூடும்.

சிகிச்சை முறைகள் கற்பித்தவை

வெவ்வேறு காரணங்களால் நுரையீரல் இவ்வாறு நீர் கோத்துச் செயலிழக்கும் நிலையை ஒரே நோய்த் தொகுதியாக 1967-இல் அமெரிக்க மருத்துவர்கள் வருணித்தனர். அவர்கள் விவரித்தவர்கள் 12 நோயாளிகள். அதன் பின்னர் நிகழ்ந்த முன்னேற்றங்கள் பல, ‘நுரையீரலுக்கு மேலும் தீங்கு செய்யாதே’ என்ற ஒரு கருத்தையே சுற்றி வந்துள்ளன.

செயற்கைச் சுவாசக் கருவி மிகுந்த காற்றைத் திணித்தால், மெலிந்த சுவர் மேலும் கிழிகிறது. உடலின் அளவையொட்டிக் கணக்கிட்ட எடையில், கிலோவுக்கு 12 மில்லிலிட்டருக்குப் பதில் 6 மில்லிலிட்டர் மட்டும் செலுத்தியபோது, இறப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 40-இலிருந்து 31-ஆகக் குறைந்ததென 2000-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கப் பரிசோதனை காட்டியது. கடுமையான நிலையிலுள்ளோரை நாள்தோறும் நீண்ட நேரம் குப்புறப் படுக்கவைத்தபோது, 28 நாளில் இறப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 33-இலிருந்து 16-ஆகக் குறைந்ததென 2013-இல் பிரான்ஸ், ஸ்பெயின் நாடுகளில் நிகழ்ந்த ஆராய்ச்சி தெரிவித்தது. முதுகுப்புறத்தில் மூடிக்கிடந்த அறைகள் திறக்கின்றன. அங்கு ஓடும் இரத்தத்துக்குக் காற்றுக் கிடைக்கிறது.

அழற்சியைத் தணிக்கும் டெக்ஸாமெதஸோன் என்ற ஸ்டெராய்டு மருந்தைப்பற்றி 2020-இல் பிரிட்டனில் நடந்த பெரும் பரிசோதனை மிகவும் கருதத்தக்கது. செயற்கைச் சுவாசக் கருவியிலிருந்த கோவிட் நோயாளிகளில், இம்மருந்து பெறாதோரில் 41.4 விழுக்காட்டினரும் பெற்றோரில் 29.3 விழுக்காட்டினரும் 28 நாளுக்குள் இறந்தனர். பிராணவாயு மட்டும் பெற்றுவந்தோருக்கும் இம்மருந்தால் ஓரளவு நன்மை விளைந்தது. பிராணவாயுவே தேவைப்படாதோருக்கு நன்மை ஏதும் விளையவில்லை. தீமை விளையலாம் என்ற ஐயமும் எழுந்தது.

இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தும் இதே பாடத்தைக் கற்பித்தது. மருத்துவமனையில் சேர்ந்து, இன்னும் அபாய நிலையை அடையாத கோவிட் நோயாளிகளுக்கு முழு அளவு ஹெப்பாரின் பயன் தந்தது. தீவிர சிகிச்சை தேவைப்படும் நிலையை அடைந்துவிட்டோருக்கு அதே அளவு பயன் தரவில்லை. இம்முடிவுகள் 2021-இல் வெளியாயின.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், மருந்தைப் போலவே காலமும் முக்கியமானது என்பதாம். முதல் நாள்களில் வைரஸ் பெருகுகிறது. அப்போது உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பது வைரஸுக்கே உதவும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குப் பின்னர் அழற்சி மேலோங்கி உட்படலம் கெடுகிறது. அப்போது அதே மருந்து உயிரைக் காக்கும். 2021-இல் இந்தியாவில் பரவிய கரும்பூஞ்சை நோய் இவ்வுண்மையைக் கடுமையாக உணர்த்தியது. கட்டுக்கடங்காத நீரிழிவும், தேவையின்றியும் அளவின்றியும் உட்கொண்ட ஸ்டெராய்டுகளும் அதற்கு முக்கிய காரணங்களென மருத்துவர்கள் கண்டனர். அந்நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் கொள்ளுமாறு மத்திய சுகாதார அமைச்சகம் அவ்வாண்டு மே மாதத்தில் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

விரல் நுனியில் ஒளியைச் செலுத்திப் பிராணவாயுவின் நிறைவை அளக்கும் கருவிக்கு அடிப்படையான முறையை ஜப்பானியப் பொறியாளர் தாகுவோ ஆயோகி 1974-இல் அறிவித்தார். இன்று அக்கருவி சாதாரண வீடுகளிலும் உள்ளது. அதைப் பயன்படுத்துவோர் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். விரல் சூடாகவும், நகம் சாயமின்றியும் இருத்தல் வேண்டும். எண் நிலைபெறும்வரை காத்திருக்க வேண்டும். கருநிறத் தோலுடையோரிடம் இக்கருவி சில வேளைகளில் உண்மை அளவைவிட மிகுதியாகக் காட்டுகிறதென 2020-இல் அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளைக்கொண்டு செய்த ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆதலால் ஒரே ஓர் எண்ணை நம்பி அமைதி கொள்ளாமல், அது நாளுக்கு நாள் இறங்குகிறதா என்பதைக் கவனிப்பதே அறிவுடைமை.

கோவிட் காலத்தில் இந்திய அரசின் வழிகாட்டு நெறிகள், அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் உடனே மருத்துவ உதவி நாடுமாறு கூறின. மார்பில் இடைவிடாத வலி, மனக்குழப்பம், எழ இயலாத சோர்வு ஆகியனவும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகளே. காய்ச்சல் தணிந்து இரண்டாம் வாரம் தொடங்கும் வேளையில் நோய் மீண்டும் கடுமையாகலாம்; அவ்வேளையிலும் விழிப்பு வேண்டும். மருத்துவர் சொல்லாமல் ஸ்டெராய்டையோ உறைவு தடுக்கும் மருந்தையோ உட்கொள்ளலாகாது. ஒன்று எதிர்ப்பாற்றலைக் குறைக்கும். மற்றொன்று இரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். இவையனைத்துக்கும் முன்னரே செய்யத்தக்கது, தடுப்பூசி உள்ள நோய்களுக்கு அதனை உரிய காலத்தில் போட்டுக்கொள்வதாகும். வைரஸ் காற்றறைகள் வரை இறங்காதிருப்பின் உட்படலத்துக்கு ஆபத்து நேரும் வாய்ப்புக் குறைவு.

நோயிலிருந்து தேறியோரிற் பெரும்பாலோருக்கு, அருகிலுள்ள உயிரணுக்கள் பெருகிப் பழுதான இடத்தை நிரப்ப, கொக்கிகள் மீண்டும் பற்றிக்கொள்ள, காற்றறைகளில் தேங்கிய நீர் வடிந்துவிடுகிறது. சிலருக்கு மட்டும் தழும்பு எஞ்சி, நடக்கும்போது இளைப்பு மாதக்கணக்கில் நீடிக்கலாம். அத்தகையோர் மருத்துவரின் கண்காணிப்பில் படிப்படியாக நடைப்பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் மேற்கொள்வது நலம்.

1918-இல் நீலம் பாய்ந்த முகத்தைக் கண்ட மருத்துவர், அது எங்கிருந்து எழுகிறது என்பதை முற்றும் அறிந்தாரில்லை. அறிந்திருந்தாலும் அவரிடம் அளக்கும் கருவியோ, தக்க மருந்தோ இல்லை. இன்று நிறம் மாறுவதற்கு முன்பே எண் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த எண் இறங்கத் தொடங்கிய அன்றே மருத்துவரிடம் செல்வோமாயின், அக்காலத்தில் காக்க இயலாமற்போன பல உயிர்களை இக்காலத்தில் காக்க இயலும்.